முடிவுக்கோட்டுக்கு அப்பால்

கிங்ஸ் சர்க்கிள் சிக்னலில் சிவப்பு விழுந்ததைச் செண்பகவல்லி நன்றாகவே பார்த்தாள். நிற்க வேண்டும் என்று நினைத்தாள். கால் நிற்கவில்லை. இன்னும் சில எட்டுகள் எடுத்து வைத்துவிட்டு, பிறகுதான் மனசில்லாமல் நின்றது. அதற்குள் அவள் நடுச்சாலைக்கு வந்திருந்தாள். சயான் பக்கமிருந்து வந்த பால் டெம்போ ஹாரனை அழுத்திக்கொண்டே அவளைச் சுற்றி வளைந்து போனது. அது கிளப்பிய காற்று முழங்காலில் பட்டது.

"ஆன்ட்டி, சிக்னல் பாருங்க," என்று பின்னாலிருந்து இந்தியில் சொன்னான் ராஹில். ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவில் ஓட வருகிறவர்களைச் சேர்த்துப் பழக்குகிறவன் அவன்தான்.

"தூக்கக் கலக்கம்," என்று அவளும் இந்தியில் சொல்லிச் சிரித்தாள்.

தூக்கக் கலக்கம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். பொழுது புலர்ந்துகொண்டிருந்த அந்த நேரத்தில் எல்லாமே கூடுதல் துலக்கமாக இருந்தன. மாட்டுங்கா மார்க்கெட் வாசலில் கூடை கூடையாக இறங்கிய ஈரப் பூவின் வாசனை, ஏதோ ஹோட்டலின் பின்பக்கத்திலிருந்து வந்த தாளிப்பு நெடி, மேம்பாலத்துக்கு அடியில் படுத்திருந்தவர்கள் போர்வையை உதறும் ஓசை, மரங்களில் ஒன்றையொன்று விரட்டும் காகங்கள், இவை எல்லாவற்றுக்கும் கீழே தார்ச்சாலையில் தன் ஷூ விழும் சத்தம். தப், தப், தப். அந்தச் சத்தம் அவளுக்கு எப்போதும் பிடிக்கும். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அது வேறு யாரோ ஓடுகிற சத்தமாகக் கேட்டது.

செண்பகவல்லிக்கு நாற்பது தாண்டிவிட்டது. தாராவியில் நைன்ட்டி ஃபீட் ரோட்டை ஒட்டிய சந்தில் வீடு. மாட்டுங்காவில் ஒரு சேலைக்கடையில் வேலை. காலையில் கடை திறந்ததிலிருந்து அடைக்கும் வரை நின்றே ஆகவேண்டிய வேலை. சுகர் ஏறியிருக்கிறது, நடங்கள் என்று டாக்டர் சொல்லப்போய் நடக்க ஆரம்பித்தாள். நடை எப்போது ஓட்டமானது என்று அவளுக்கே தெரியாது. அவள் கணவன் அய்யாத்துரை தோல் பெல்ட் பட்டறையில் கட்டிங் வேலை பார்ப்பவன். "இந்த வயசுல ட்ராக் பேண்ட்ட மாட்டிக்கிட்டு ஓடலன்னு யாரு அழுதா," என்று முதலில் முணுமுணுத்தான். ஒரு சின்னப் பந்தயத்தில் ஓடி அவள் மெடலோடு வந்த அன்று, அதைப் பட்டறைக்கு எடுத்துப்போய் எல்லாருக்கும் காட்டிவிட்டுத்தான் திரும்பினான். இப்போது அவள் செம்பூரில் தொடங்கி ஃப்ரீவே என்கிற நீண்ட மேம்பாலச் சாலை வழியாகப் போய்த் திரும்பும் முழு மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருந்தாள். மகள் மாரிசெல்வி காலேஜ் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

கூடவே பெயர் கொடுத்தவள் விஜயராணி. விக்ரோலியிலிருந்து ஓட வருவாள். ஏதோ ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவள். ஓடுகிற கூட்டத்தில் தமிழில் வாய்விட்டுப் பேச அவள் ஒருத்திதான் இருந்தாள். இருவரும் தோளோடு தோள் ஓடுவார்கள். வடாலா உப்பளத்து ஓரமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம் போய் வந்தார்கள். அதற்குப் பிறகு விஜயராணி வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

சிக்னலில் நடந்ததைச் செண்பகவல்லி மறந்துவிடப் பார்த்தாள். ஆனால் அந்த வாரமே கடையில் ஒரு அம்மாளுக்குப் பட்டுச்சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது, கவுண்டருக்குப் பின்னால் தன் குதிகால் தூக்கித் தூக்கி இறங்குவதை உணர்ந்தாள். இடது, வலது, இடது, வலது. மேலே கை முந்தானையை நீவுகிறது, வாய் ஜரிகையைப் பற்றிச் சொல்கிறது. கீழே கால் தன்பாட்டுக்குத் தாளம் போடுகிறது. தொடையைக் கவுண்டர் பலகையோடு அழுத்தி நின்றாள். நிற்கவில்லை.

"பாத்ரூம் போகணும்னா போய்ட்டு வாங்களேன்," என்று கூட வேலை பார்க்கும் நஸீரா காதோரம் சொன்னாள்.

கடைக்குப் பின்னாலிருந்த சந்தில் போய் மேலும் கீழும் நடந்தாள். அரிசி மூட்டை இறக்குகிறவர்கள் அவளை விநோதமாகப் பார்த்தார்கள். நடக்க நடக்கத்தான் அது அடங்கியது.

டாக்டர் முட்டியில் தட்டிப் பார்த்துவிட்டு, நரம்பெல்லாம் நன்றாக இருக்கிறது என்று விட்டமின் மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுப் பாயை விரித்துப் படுத்தாள். மின்விசிறிச் சத்தம், பக்கத்து வீட்டு டிவியில் மராத்திப் பாட்டு, சந்தில் யாரோ தண்ணீர் டிரம்மை உருட்டும் சத்தம். கண் அசந்துபோனது. விழித்தபோது மாரிசெல்வி பரண் ஏணியில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் போன்.

"மம்மி, நீ தூக்கத்துல ஓடுத. வீடியோ எடுத்தேன். பாரேன்."

வாங்கிப் பார்த்தாள். ஒருக்களித்துக் கிடக்கிறாள். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. முகம் ஆழ்ந்து தூங்குகிறது. இடுப்புக்குக் கீழே மட்டும் ஓட்டம். நைட்டி முழங்காலுக்கு ஏறி, பாதம் சிமெண்ட் தரையை உந்தி உந்தித் தள்ளுகிறது.

அய்யாத்துரை எட்டிப் பார்த்துச் சிரித்தான். "பந்தயம் கிட்டத்துல வருதுல்லா. அதே நெனப்பு. வேற என்ன?"

அவள் சிரிக்கவில்லை. பாயைத் தேடினாள். பாய் அடுப்படி ஓரத்தில், விரித்த இடத்திலேயே இருந்தது. அவள் பாயில் இல்லை. வாசல் நிலைப்படியை ஒட்டிக் கிடந்தாள்.

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு விக்ரோலிக்குப் போனாள். விஜயராணியின் தங்கை கதவைப் பாதி திறந்து நின்றாள். உள்ளிருந்து தைலமும் டெட்டாலும் மூத்திரமும் கலந்த வாடை வந்தது. கூடவே ஒரு சத்தம். பலகையில் துணி மூட்டையை யாரோ இடைவிடாமல் போடுவதுபோல.

"கூட ஓடுற செண்பகக்காவா? ஒங்களப் பத்தி சொல்லிருக்கா," என்று அரை மனதோடு வழிவிட்டாள்.

ஜன்னல் சாத்திய அறை. கட்டிலில் விஜயராணி. மார்பிலும் இடுப்பிலும் தொடையிலும் பழைய சேலைகளைச் சுற்றிக் கட்டிலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். முழங்காலுக்குக் கீழே கட்ட முடியவில்லை போலிருக்கிறது. இரண்டு பாதத்திலும் கட்டு. கட்டுத்துணி பழுப்பும் சிவப்புமாக நனைந்திருந்தது. மெத்தையின் அந்தப் பகுதி கிழிந்து, தேங்காய் நார் பிதுங்கி, அதற்கும் கீழே பலகை தெரிந்தது. அந்தப் பலகையில்தான் குதிகால்கள் விழுந்துகொண்டிருந்தன.

"பன்வேல் ரோட்டுல ஓடிக்கிட்டு இருந்திருக்கா," என்றாள் தங்கை, சுவரைப் பார்த்துக்கொண்டு. "போலீஸ் ஜீப்ப குறுக்க நிப்பாட்டித்தான் பிடிச்சாங்க. ஷூ இல்ல. எங்க கழண்டுச்சுன்னே தெரியல. ஆஸ்பத்திரில ஊசி போட்டா கண்ணு மட்டும் சொருகுது. காலு தூங்க மாட்டேங்கு."

விஜயராணி தலையைத் திருப்பினாள். கன்னம் ஒட்டி, உதடு வெடித்திருந்தது. கண் மட்டும் பழைய கண்.

"ஒங்களுக்கும் நிக்க மாட்டேங்குதா?" என்று கேட்டாள்.

தங்கை செண்பகவல்லியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாகப் பார்வையை இறக்கி அவள் பாதத்தைப் பார்த்தாள். அப்போதுதான் செண்பகவல்லியும் பார்த்தாள். மொசைக் தரையில் அவளுடைய குதிகால்கள் தூக்கி இறங்கிக்கொண்டிருந்தன. கட்டிலில் விழும் அதே தாளத்தில்.

"நீங்க கெளம்புங்க," என்றாள் தங்கை.

அன்று சாயங்காலம் அய்யாத்துரை வேலை முடிந்து வந்ததும் சொன்னாள். "நான் ஓடலங்க. எங் காலு எம் பேச்சக் கேக்கல."

"பயத்துல அப்படித்தான் இருக்கும். பட்டறைல அத்தன பேரும் பாக்க வாரானுவ. காலக் காட்டு, எண்ண போட்டு விடுதேன்."

அவள் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு எண்ணெய் தேய்த்தான். கெண்டைக்காலை அழுத்தியவனின் கை நின்றது. தோலுக்கு அடியில் தசை கொதிக்கும் உலைபோலப் புரண்டுகொண்டிருந்தது.

"முழுசா ஒரு மட்டம் ஓடித் தீத்துட்டா அடங்கிரும்ளா," என்றான் பிறகு. குரலில் பழைய தெம்பு இல்லை.

அதைப் பற்றிக்கொள்வதைத் தவிர அவளுக்கும் வேறு எதுவும் இல்லை. கால் கேட்கிற தூரத்தைக் கொடுத்துவிடுவது. கொடுத்துவிட்டால் போதும் என்று அது நின்றுவிடும்.

பந்தயத்தன்று செம்பூர் மைதானத்தில் வெளிச்சம் வருவதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. தைல வாசனை, வியர்வை, வாழைப்பழத் தோல், ஒலிபெருக்கியில் யாரோ இந்தியில் உற்சாகப்படுத்துகிற குரல். கொடி அசைந்தது. கால் கிளம்பியது. அவள் அதன்மேல் உட்கார்ந்திருப்பவள்போலப் போனாள்.

ஃப்ரீவே மேலே ஏறியபோது சூரியன் வந்தது. ஒரு பக்கம் மாஹுல் எண்ணெய்த் தொட்டிகளின் நெடி, மறுபக்கம் உப்பளத்துச் சேற்று வாடை. ஆயிரக்கணக்கான ஷூக்கள் கான்கிரீட்டில் மழை பெய்வதுபோல விழுந்தன. வலி இல்லை. தாகம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. திரும்புகிற இடம் தாண்டியதும் ஆட்கள் நடக்க ஆரம்பித்தார்கள். சிலர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார்கள். ஒரு பையன் தசை பிடித்து ரோட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். உட்கார்ந்திருக்கிறான். அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

நில் என்று சொல்லிப் பார்த்தாள். நிற்கவில்லை. கீழே விழுந்துவிடலாம் என்று உடம்பைச் சாய்த்தாள். கால் சாய்ந்த பக்கத்துக்கு நகர்ந்து அவளைத் தாங்கிக்கொண்டது.

ராஹில் ஓரத்தில் தண்ணீர் மேஜைக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். அவனை நோக்கிக் கையை நீட்டினாள். பிடி என்று சொல்ல வாய் திறந்தாள். காற்றுதான் வந்தது. அவன் அவள் உள்ளங்கையில் ஓங்கித் தட்டினான்.

"சூப்பர், ஆன்ட்டி. அப்படியே போங்க."

செம்பூர் திரும்பும்போது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. மைதான வாசல். காற்றடைத்து நிறுத்திய வளைவு. டோல் மேளச் சத்தம். நேரம் குறிக்கத் தரையில் விரித்த பட்டையை மிதித்ததும் கீச்சென்று ஒரு ஒலி.

முடிந்தது.

கால் நிற்கவில்லை.

மெடல் போட நின்ற பெண்ணைத் தாண்டினாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே துரத்தி வந்து, எட்டாமல் நின்றாள். வாழைப்பழ மேஜை. நாற்காலிகள். ஸ்ட்ரெச்சர். எல்லாரும் கைதட்டினார்கள். இன்னும் தெம்பு இருக்கிறது பார் என்று யாரோ மராத்தியில் சொன்னார்கள். பின்வாசல் திறந்திருந்தது. ரோடு.

வாசலில் அய்யாத்துரை. முகமெல்லாம் சிரிப்பு. அவள் அவனையும் தாண்டிப் போனதும் சிரிப்பு போய்விட்டது. ஓடி வந்து மணிக்கட்டைப் பிடித்தான்.

"நில்லுளா. முடிஞ்சிட்டு. ஏளா, நில்லு."

குதிகாலை ஊன்றி இழுத்தான். செருப்பு வார் அறுந்தது. விழாமல் இருக்க அவனும் ஓட வேண்டியதாயிற்று. வெறுங்கால். பெல்ட் பட்டறையில் உட்கார்ந்தே கிடந்த உடம்பு. மூச்சு வாங்கியது. அவள் ஷூ ஒரு பக்கம். அவன் பாதம் ஒரு பக்கம். தாளம் தப்பித் தப்பி விழுந்தது.

பிறகு தப்பவில்லை.

ஒரே சத்தம்.

அவன் மூச்சு வாங்குவது நின்றது. திரும்பி அவளைப் பார்த்தான்.

"செம்பகம்," என்றான். "நான் கைய விட்டுட்டேன்."

விட்டிருந்தான். இரண்டு கையும் காலியாக இருந்தது. பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தான்.

ரோடு நேராகப் போனது. ஆட்டோக்கள் ஒதுங்கின. பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் போனைத் தூக்கினார்கள். யாரோ விசிலடித்தார்கள்.

முன்னால், டிவைடர் ஓரத்தில், மாரிசெல்வி. நல்ல படம் எடுக்கத் தள்ளி வந்து நின்றிருந்தாள். அப்பாவும் சேர்ந்து ஓடி வருவதைப் பார்த்ததும் சிரித்தாள். போனைப் பையில் போட்டாள். துப்பட்டாவை இடுப்பில் கட்டினாள்.

வராதே.

செண்பகவல்லி கத்தினாள். தொண்டை அசைந்தது. சத்தம் இல்லை. அய்யாத்துரை இரண்டு கையையும் தூக்கி வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினான். மகள் பதிலுக்குக் கையாட்டினாள்.

அவர்கள் வருகிற திசைக்கே முதுகைக் காட்டித் திரும்பினாள். மெல்ல ஓட ஆரம்பித்தாள். அம்மாவும் அப்பாவும் வந்து சேர இடம் விட்டு, வேகத்தைக் குறைத்தாள். கூட்டினாள். காலை மாற்றினாள்.

இரண்டு சத்தம்.

பக்கத்தில் வந்துவிட்டாள். வெயில் முகத்தில் அடிக்க, கண்ணைச் சுருக்கி, அம்மாவைப் பார்த்தாள்.

ஒரே சத்தம்.

அவள் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது.