தண்ணீர் தேங்கும் மனை

செவ்வாய்க் குடியிருப்பில் இரண்டாவது சூரியனை ஏற்றி வைத்த பிறகுதான் பள்ளி, அலுவலகம் எல்லாம். சூரியன் என்பது மரியாதைக்குச் சொல்வது. துருவப் பனியை உருக்க வானில் மிதக்கவிட்ட கண்ணாடிதான் அது. அன்றும் அதை ஏற்றினார்கள். நப்பின்னை பயந்துகொண்டே கணினி நிரல் எழுதும் வகுப்புக்குப் போனாள்.

அவள் புவியியலாளர். நிலத்தைப் பார்த்த மாத்திரத்தில் சரிவைச் சொல்லிவிடுவாள். ஆனால் தண்ணீர்க் கணக்கை மனிதர் கையால் எழுதிய கணினி நிரல்தான் சொல்ல வேண்டும் என்பது அங்கே சட்டம். புதுநகருக்குப் பார்த்து வைத்திருந்த பள்ளத்தில் வீடு கட்டினால், பனி உருகி வரும்போது ஜனம் மூழ்கிப்போகும் என்று அவள் வாயால் சொன்னது எடுபடவில்லை. நிரலில் காட்டியே தீர வேண்டும்.

பாடம் நடத்திய நிரலாசான் ஓர் இயந்திரம், பொறுமைக்குப் பேர்போனது. "பெரிசா யோசிக்காதீங்க, மேடம். நிலத்தைக் கட்டம் கட்டமாப் பிரிங்க. ஒவ்வொரு கட்டமும் அக்கம்பக்கத்துல எது தாழ்வுன்னு பார்த்து, அங்க தண்ணியைத் தள்ளட்டும். திரும்பத் திரும்ப அதையே செய்யட்டும்."

"இவ்வளவுதானா? இதைத்தானே இத்தனை வருஷமா கண்ணால செஞ்சிட்டிருக்கேன்."

பயம் போன இடம் தெரியவில்லை. எழுதிய நிரலின் முதல் ஓட்டத்தில் திரையில் தண்ணீர் மலையேறியது. உயரத்துக்கும் தாழ்வுக்கும் குறியை மாற்றிப் போட்டிருந்தாள். சிரித்துக்கொண்டே திருத்தினாள். அடுத்த ஓட்டத்தில் புதுநகர்ப் பள்ளத்தில் இரண்டாள் உயரத்துக்கு நீலம் நிறைந்தது.

நகரசபையில் அதைக் காட்டினாள். ஒருவரும் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை, கைதட்டினார்கள். படத்தை உடனே ஊருக்கெல்லாம் அனுப்பினார்கள். ஜனங்களைக் காப்பாற்றிவிட்டோம் என்ற பெருமிதத்தோடு வீட்டுக்கு வந்தாள்.

கணவன் வழுதி வாசலிலேயே பிடித்துக்கொண்டான். "உன் படம் வந்ததும் மனைக்குக் கூட்டம் அள்ளிடுச்சு. முட்டி மோதி நமக்கும் ஒண்ணு வாங்கிட்டேன்."

"எங்க?"

"புதுநகர்லதான். நடுப்பள்ளம். படத்துல நல்லா நீலமா இருக்கே, அந்த இடம். செவ்வாயில வேற எங்க தண்ணிக்கு கேரண்டி?"

"ரெண்டாள் உயரத்துக்கு நிக்கும்ங்க. மூழ்கிடும்னுதான் அதைக் காட்டினேன்."

வழுதி அதையும் யோசித்து வைத்திருந்தான்.

"நாலு லோடு மண்ணடிச்சு, கொஞ்சம் ஒசத்திக் கட்டிக்கலாம்."