கலையாத பெரட்டு

விஸ்வலிங்கம் ஒலிநாடாவைப் பின்னுக்குச் சுற்றி, அதே இடத்தை நான்காம் முறையாக அழித்தான். ஓடவிட்டான். காலடிச் சத்தம் அப்படியே இருந்தது.

சே!

ஐந்து மணிக்குக் கோலாலம்பூர் கம்பெனிக்காரர் வந்துவிடுவார். நாடா தயாரில்லை என்றால் இசைத்தட்டு இல்லை. இரண்டு வருட உழைப்பு மண்ணாகும். பழைய ஆங்கிலப் பேய் நாவல்களின் இடிந்த கோட்டையைச் சுங்காய் ஊரையொட்டிய ரப்பர் தோட்டத்துத் துரை பங்களாவாக மாற்றி, இசைத்தட்டின் பக்கத்துக்கு ஒரே நீளப் பாட்டாக, ஆர்கனும் கித்தாரும் உறும அவன் கட்டிய இசைக்கதை. கோட்டை மணிக்காக, ஆளற்றுப்போன அந்தத் தோட்டத்தின் மணியையே அடித்துப் பதிந்திருந்தான்.

சனியன் அங்கேதான் பிடித்தது. மணி ஓய்ந்ததும் வெறுங்கால்கள் சருகு மிதிக்கும் ஓசை, பால்வாளிகள் உரசும் ஓசை. அழிக்க அழிக்க இன்னும் கிட்டத்தில், இன்னும் கூட்டமாக. போதாததற்கு, ரப்பர் மரமே இல்லாத சிலிபின் டவுனில், கடைவீட்டு மாடியில், சன்னல் சாத்திய அவன் பதிவறைக்குள், புளித்த ரப்பர் பாலின் நாற்றம்.

போன் அடித்தது. டிரம் வாசிக்கும் மாயாண்டி. அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவன், மணியைப் பதிந்த அன்று காய்ச்சலில் கிடந்தான். மணிக்குப் பின்னால் கேட்கும் காலடிகளைச் சொல்லி, விஸ்வலிங்கம் எரிச்சலையெல்லாம் அவன்மேல் கொட்டினான்.

“அது பெரட்டு மணி மச்சான். காலையில ஆளுங்கள வரிசையில நிக்க வச்சு பேர் கூப்பிட அடிக்கிறது. கலையுற மணி அடிச்சியா?”

“அது வேறயா?”

“டவுன்காரன்கிட்ட போய்க் கேட்டேன் பாரு. திரும்ப ஒரு தட்டு தட்டுனாத்தான் கலைவாங்க. இல்லன்னா அடிச்சவன் முன்னாலயே நிப்பாங்க லா.”

விஸ்வலிங்கம் நாடாவை நிறுத்தினான்.

காலடி நிற்கவில்லை.

மாடிப்படியில். ஒன்று. பிறகு பல.

கதவுக்கு வெளியே வாளிகள் தரையில் இறங்கின. ஒவ்வொன்றாக. நிதானமாக.

கதவு தானாகத் திறந்தது.

வரிசை. படி முழுக்க, பால்மரம் வெட்டுகிறவர்களின் வரிசை. நெற்றியில் அணைந்த விளக்குகள். பேர் கூப்பிடக் காத்திருக்கும் முகங்கள். எல்லாம் அவனை நோக்கி.

“மச்சான், இப்பவே போய்த் தட்டிட்டு வந்துரு. மணி அங்கதான தொங்குது?”

மணி அங்கே இல்லை. அந்த நாதம் வேறெந்தக் குழுவுக்கும் கிடைத்துவிடக் கூடாதென்று, பதிவு முடிந்த கையோடு மணியை அறுத்தெடுத்து, காம்பார் சாலையோரத்தில், ஈயம் தோண்டிவிட்டுப்போன ஆழக் குட்டையில் விஸ்வலிங்கமே மூழ்கடித்திருந்தான்.