ஊதிவிட்டு உட்கார்

தரையிலிருந்த கம்பிவலை வழியே காற்று வந்துகொண்டுதான் இருந்தது, சூடுதான் வரவில்லை. ஹலீனா குனிந்து கை வைத்துப் பார்த்தாள். ஐஸ்பெட்டியைத் திறந்ததுபோல இருந்தது. காலையில் மகள் லெஸ்யாவோடு மாமியார் வீட்டுக்குப் போய்விட்டு நாலரை மணிக்குத் திரும்பியபோதே வீடு இப்படித்தான் ஆறிக்கிடந்தது. வெளியே மைனஸ் முப்பத்தெட்டு. நாலு வயசுக் குழந்தையோடு இந்தக் குளிரில் விடியும்வரை தாக்குப்பிடிக்க முடியாது. கணவன் தாராஸோ, பனியில் சாலையை மூடிவிட்டதால் நகரத்தில் மாட்டிக்கொண்டான். லெஸ்யாவுக்கு மட்டும் கொண்டாட்டம். "அம்மா, நான் ரயிலு!" என்று வாயிலிருந்து குபுக் குபுக்கென்று வெண்புகை விட்டபடி மேசையைச் சுற்றி ஓடினாள்.

மேசையருகே அந்தக் கிழவன் உட்கார்ந்திருந்தான்.

அவர்கள் வந்தபோது வாசல் முன்னறையில் நின்றிருந்தவன். கடுங்குளிர் நாளில் அந்தக் கதவை இந்தப் பக்கத்தில் யாரும் பூட்டுவதில்லை; வண்டி பள்ளத்தில் இறங்கி எவனாவது விறைத்துச் செத்தால் அந்தப் பாவம் யாருக்கு? அதுவும் இன்று கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை. செத்தவர்களுக்கென்று ஒரு தட்டு கூடுதலாக வைப்பார்கள். வழிதவறி வந்தவனையும் அந்தத் தட்டின் முன்தான் உட்கார வைப்பார்கள். ஹலீனாவும் அப்படியே செய்தாள்.

ஆனால் அவன் ஊதவில்லை. இன்றைக்கு நாற்காலியில் உட்காருமுன் எல்லோரும் ஒரு தரம் ஊதுவார்கள், முன்னமே வந்து அமர்ந்திருக்கும் மூதாதையர் மடியில் உட்கார்ந்துவிடக் கூடாதே என்று. லெஸ்யாவுக்கே தெரியும். உக்ரேனிய மொழியை இவ்வளவு பழைய இழுவையோடு பேசுகிறவனுக்கு எப்படித் தெரியாமல் போகும்? குளிரில் விறைத்த மனுஷன், மறந்திருப்பான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். மனசு கேட்கவில்லை. அவனுக்கு ஒரு கையில்தான் கம்பளி உறை இருந்தது. சிவப்பு உறை.

வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸைப் பழுது பார்க்கும் ஓரெஸ்ட் அவளுடைய சித்தி மகன். போனை எடுத்ததுமே புலம்பினான்.

"பன்னெண்டு பதார்த்தத்தையும் பரப்பி வச்சிட்டு உக்காந்திருக்கேன்க்கா. இன்னிக்குன்னு பாத்தா கூப்பிடுவ?"

"ஃபர்னஸுக்குப் பண்டிகை தெரியுமாடா? காத்து வருது, சூடு இல்ல. ஃபில்டர் போன வாரம்தான் மாத்துனேன்."

"கீழ போ. ஃபர்னஸ் கதவுல சின்னக் கண்ணாடி இருக்கும். உள்ள லைட்டு எத்தன தரம் மினுக்குதுன்னு எண்ணு."

நிலவறையில் ஈரச் சிமெண்டும் பழைய உருளைக்கிழங்குமாக வாசம் அடித்தது. சிவப்பு விளக்கு மினுக்கியது. தலைக்கு மேலே பலகைகளில் லெஸ்யாவின் ஓட்டம் தடதடவென்று கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. விளக்கு நின்றது. மேலே ஓட்டமும் நின்றது.

"மூணா? அப்ப காத்துக் குழாய் அடைச்சிருக்கு. வெளிச்சுவத்துல ரெண்டு வெள்ளைக் குழா நீட்டிட்டிருக்கும். பனி மூடியிருக்கும், தட்டிவிடு. தானா பத்திக்கும்."

"டேய்... வீட்ல ஒரு ஆளு இருக்கான். வழிதவறி வந்தவன்."

"நல்லதுதானே! வயிறாரப் போடுக்கா, புண்ணியம்."

ஓடி மேலே வந்தாள். லெஸ்யா கிழவனின் முழங்காலருகே நின்றிருந்தாள். அவளைப் போர்வையில் சுற்றி மூலை பெஞ்சில் உட்கார வைத்தாள். "அசையாத. ரெண்டே நிமிஷம்." போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள். ஓரெஸ்டின் குரலாவது குழந்தைக்குத் துணையாக இருக்கட்டும்.

"பதறாத தாயி. இந்த வீடு இப்படியே நல்லாருக்கு" என்றான் கிழவன்.

வெளியே முதல் நட்சத்திரம் முளைத்திருந்தது. காலடியில் பனி நறநறத்தது. குழாய்களின் மேல் பனியே இல்லை. ஒன்றின் வாயில் என்னவோ திணித்திருந்தது. பிடுங்கினாள்.

சிவப்புக் கம்பளி உறை. கல்லாய் உறைந்திருந்தது. அவர்கள் திரும்பி வரும் முன்பே, எப்போதோ காலையிலேயே திணித்தது.

ஜன்னலில் விளக்கு வெளிச்சம். லெஸ்யா அவன் மடியில் இருந்தாள். அவன் அவள் முகத்தோடு முகம் வைத்துப் பேசிக்கொண்டிருந்தான். உதடு அசைந்தது. புகை வரவில்லை. அரைமணியாக அந்த அறையில் பேசுகிறான். ஒரு தரம்கூட வந்ததில்லை.

ஓடினாள். விழுந்தாள். எழுந்தாள். கதவு.

"லெஸ்யா! இங்க வா. அம்மா பக்கத்துல உக்காரு." ஒவ்வொரு சொல்லும் அவள் வாயிலிருந்து புகையாய் வந்தது.

குழந்தை சமத்தாக இறங்கி வந்தாள். நாற்காலியை இழுத்தாள். பழக்கப்படி குனிந்து, உதட்டைக் குவித்து, ஊதினாள்.

ஒன்றும் வரவில்லை.

கன்னம் உப்ப இன்னொரு தரம் ஊதினாள். ஒன்றும் வரவில்லை.

கீழே ஃபர்னஸ் குப்பென்று பற்றியது. "அக்கா, சூடு வருதா?" என்றது போன்.

மேசைக்கு அந்தப் பக்கம் கிழவன் வாயைத் திறந்தான். குபுக் குபுக்கென்று, குட்டிக் குட்டியாக, வெண்புகை வந்தது.