ஒருவர் மட்டும்

லோஷினி வைத்தது ஒரு புள்ளியைத்தான். திரையில் இப்போது இரண்டு இருந்தன.

உலு திராம் ஊரில் மாலையிலிருந்தே மழை. ஓட்டின் மேல் அது ஓயாமல் இரைய, அடுப்படியிலிருந்து ஏறிவந்த நெத்திலி சம்பல் வாசமும் ஊறிய சுவரின் பூஞ்சை நெடியும் மின்விசிறியின் தேய்ந்த முனகலும் அந்தச் சிறிய மாடியறைக்குள் வெளியேற வழியின்றிச் சுற்றிக்கொண்டிருந்தன. நாளை கல்லூரியில் காட்ட வேண்டிய பாதுகாப்பறை மின்சுற்றை மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மைக்ரோகண்ட்ரோலர், ஆட்களை எண்ணும் சென்சார், கதவுக்கு ஒரு பூட்டு. புள்ளிதான் ஆள். அறையில் ஒருவர் மட்டும் இருந்தால் பூட்டு திறக்கும். இன்னொருவர் ஒளிந்திருந்தால் திறக்காது. அவளே எழுதிய நிரல். எல்லாம் திரைக்குள்தான். வெளியே ஒரு வயர்கூட இல்லை.

இரண்டாவது புள்ளியை அழித்தாள். திரும்ப வந்தது, முதல் புள்ளிக்கு இன்னும் அருகில்.

எழுந்து சன்னலோரம் போனாள். திரையில் முதல் புள்ளி நகர்ந்தது. சற்றுப் பொறுத்து, மற்றதும்.

கதவுப் பிடியைத் திருகினாள். தாழிடாத கதவு. அசையவில்லை.

"ம்மா."

படிகளில் அம்மாவின் காலடி. "வெளக்கு வைக்கிற நேரத்துல கதவ பூட்டிக்கிட்டு என்ன லா பண்ற?"

"நான் பூட்டலம்மா. தள்ளுங்க."

"தள்ளிக்கிட்டுதான் இருக்கேன். உள்ள யாரு கூட இருக்கா?"

"யாரும் இல்ல."

"பொய் சொல்லாத லோஷி. ரெண்டு பேரு மூச்சு விடுறது கேக்குது."

அவள் திரும்பவில்லை. பின்கழுத்தில் ஈரக்காற்று. அதில் அவளுடைய ஷாம்பு வாசமே இருந்தது.

மூலைக்கு ஓடிக் குந்திக்கொண்டாள். திரையைப் பார்த்தாள்.

ஒரு புள்ளி அணைந்தது.

கையை அசைத்தாள். மிஞ்சிய புள்ளி அசையவில்லை. அது கதவருகே நின்றது.

பூட்டு திறக்கும் சத்தம்.

"அப்பாடா. என்ன இப்படி வெளுத்துப் போயிருக்க? வா, சாப்பிடு."

கதவு சாத்திக்கொண்டது. படிகளில் இரண்டு பேர் இறங்கினார்கள்.

லோஷினி பாய்ந்து பிடியை இழுத்தாள். கத்தினாள். கதவை அறைந்தாள். மழை மட்டுமே கேட்டது.

திரையில் அறை காலி. ஒரு புள்ளிகூட இல்லை. பூட்டு சிவப்பாக எரிந்தது.

கீழே தட்டு வைக்கும் சத்தம்.

"நல்லா பசிக்குதும்மா," என்றது அவளுடைய குரல்.