கோதுமை வயலில் நெருப்பு

அறுவடை இயந்திரத்தின் கத்தியில் ஒரு கல் சிக்கியது. பொறி பறந்தது. காய்ந்த கோதுமைத் தாள் குப்பென்று பற்றிக்கொண்டது.

"கப்புசின், ரோட்டுக்கு ஓடு!" என்று அப்பா கத்தினார். இயந்திரத்தை நெருப்பைவிட்டு விலக்கி ஓட்டிக்கொண்டே தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தார்.

வண்டி நகரத்திலிருந்து வர வேண்டும். பெல்லொர்மோ சின்ன ஊர். ஒரு தேவாலயம், ஒரு ரொட்டிக் கடை, மனிதர்களைவிட அதிகமாக மாடுகள். வண்டி வருவதற்குள் காற்று நெருப்பை ஊருக்கே கொண்டுபோய்விடும்.

பத்து வயது கப்புசின் ரோட்டில் நின்று யோசித்தாள். நெருப்புக்கு முன்னால் மண்ணைப் புரட்டிப் போட்டால் அது தின்ன எதுவும் இருக்காது. அதற்குக் கலப்பை வேண்டும். பக்கத்து வயல்காரர் ரேமோன் காலையிலிருந்து மேட்டுக்கு அந்தப் பக்கம் உழுதுகொண்டிருந்தார்.

ஆனால் அப்பா அவரைக் கூப்பிட மாட்டார். ஊர்த் திருவிழாவில் ரேமோன் போட்டிக்கு வைத்திருந்த பூசணிக்காயைப் பார்த்து, "இது எலுமிச்சையா?" என்று கேட்டுவிட்டார். மூன்று வருஷமாக இருவருக்கும் பேச்சே இல்லை.

கப்புசின் ஓடினாள்.

ரேமோன் டிராக்டர் நிழலில் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

"முசியே ரேமோன்! ஐயா! எங்க வயல்ல தீ!"

"உங்கப்பன் அனுப்பினானா?"

"இல்ல, நானாத்தான் வந்தேன்."

"ஏன், அவனுக்கு வாயில்லையாக்கும்?"

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம், முசியே. இப்ப உங்க கலப்பை வேணும்!"

ரேமோன் அவளை முறைத்தார். பிறகு மிச்ச ரொட்டியை நாயிடம் வீசிவிட்டு டிராக்டரில் தாவி ஏறினார். "நீ நாயோட மேட்டு மேலயே இரு!"

மேட்டிலிருந்து கப்புசினுக்கு எல்லாம் தெரிந்தது. நெருப்பு வயலின் ஓரத்துக்கே வந்துவிட்டது. அதற்கு அப்பால் இருந்தது ரேமோனின் வயல். அறுக்காத கோதுமை, பொன்னாக விளைந்து நின்றது. உழ வேண்டுமென்றால் அதில்தான் உழ வேண்டும்.

ரேமோன் தயங்கவே இல்லை. கலப்பையை இறக்கினார். முற்றிய கதிர்கள் கொத்துக் கொத்தாக மண்ணுக்குள் போயின.

அதற்குள் புகையைப் பார்த்து ஊரே வந்துவிட்டது. மேயரம்மா ரொசீன் மாடுகளுக்கான தண்ணீர்த் தொட்டியை இழுத்து வந்தார். ரொட்டிக் கடைக்காரர் மாவு படிந்த கையோடு மண்வெட்டி பிடித்தார்.

நெருப்பு புரட்டிய மண்வரை வந்தது. தின்ன எதுவும் கிடைக்காமல் படுத்துவிட்டது.

தீயணைப்பு வண்டி வந்தபோது புகை மட்டுமே மிச்சம்.

"எங்களுக்கு ஒண்ணுமே மிச்சம் வைக்கலியே!" என்றார் வண்டியிலிருந்து இறங்கியவர்.

முகமெல்லாம் கரியாக அப்பா ரேமோனிடம் போனார். தொப்பியைக் கழற்றினார்.

"உன் கோதுமை போச்சே, ரேமோன்."

"கொஞ்சந்தான்."

"மிச்சத்தை நான் அறுத்துத் தரேன். இன்னிக்கே."

ரேமோன் மூக்கைச் சொறிந்தார். "சரி" என்றார்.

சாயங்காலம், சுத்தம் செய்த இயந்திரத்தை அப்பா ரேமோனின் வயலோரம் கொண்டுவந்து நிறுத்தினார். கப்புசின் பின்னாலேயே நடந்து வந்தாள். "வா ரேமோன், ஏறு."

ரேமோன் ஏறவில்லை. படியைவிட்டு நகர்ந்து கப்புசினுக்கு வழிவிட்டார்.

"முதல்ல அந்தப் பொண்ணு ஏறட்டும்."