வாய்க்கரிசியின் நான்காவது பாட்டு

செங்கல்பட்டில் ரயிலை விட்டு இறங்கி, கல்பாக்கம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து, திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை ஸ்டான்லி தோள்பையை மடியை விட்டு இறக்கவில்லை. பைக்குள் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரே ஒரு தாள். அதில் கன்னியம்மாவின் கையெழுத்தை வாங்க வேண்டும். கையெழுத்து போடத் தெரியாவிட்டால் கைநாட்டு போதும் என்று ஹேமந்த் சொல்லி அனுப்பியிருந்தான்.

ஊரப்பாக்கத்தில் கல்யாண மண்டபங்களுக்கு மைக் செட் போடுகிறவன், முப்பத்தொன்பது வயது, பெண்டாட்டி பிள்ளை என்று குடும்பஸ்தன். அப்படிப்பட்டவன் பழைய பக்கத்து வீட்டுப் பெண்மணியின் ஒரு கைநாட்டுக்கு இப்படிப் பயப்படுவானா என்றால், பயப்படத்தான் வேண்டும். அவன் செய்து வைத்திருந்த காரியம் அப்படி.

'கருமாதி' என்று ஒரு ராக் குழு இருந்தது. பெயரைக் கேட்டதுமே பெற்றவர்கள் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்றுதான் ஹேமந்த் அந்தப் பெயரை வைத்தான். பாடுகிறவன் அவன். கிடார் ஸ்டான்லி, ஒலிப்பதிவும் அவன் பொறுப்பு. மேடைக்கு ஹேமந்த் நடந்து வரமாட்டான். வாய் நிறைய அரிசியோடு பாடையில் படுத்து வருவான். நடுப்பாட்டில் எழுந்து உட்கார்ந்து அந்த அரிசியைக் கூட்டத்தின் மேல் துப்புவான். பையன்கள் கிறுக்குப் பிடித்துக் கத்துவார்கள்.

மொத்தம் மூன்று பதிவுகள். முதலாவது 'தலைமாடு': வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்ட ஐம்பது சிடி, பாதி கட்டிலுக்கடியிலேயே கிடந்தது. இரண்டாவது 'வாய்க்கரிசி': அட்டையில் நெற்றிக்காசோடு ஹேமந்த். ஒரு கல்லூரியில் பாதிக் கச்சேரியில் கரண்டைப் பிடுங்கினார்கள், டிவியில் நாலு பேர் ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள், அதற்கப்புறம் சிடி பிய்த்துக்கொண்டு போனது. மூன்றாவது 'பதினாறு': மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் கூட்டத்தோடு பதிவு செய்தது. அதோடு ஆளுக்கொரு வேலை கிடைத்து ஆளுக்கொரு பக்கம் போனார்கள்.

பெயரெல்லாம் வந்தது ஒரே பாட்டால். வாய்க்கரிசியின் நான்காவது பாட்டு. முதல் நான்கு நிமிஷம் கிடாரும் இல்லை, டிரம்ஸும் இல்லை. ஒரு பெண் ஒப்பாரி வைக்கிற சத்தம் மட்டும். எந்த நடிகை இப்படி உயிரைக் கொடுத்து அழுதிருக்கிறாள் என்று கேட்காதவர்கள் இல்லை. 'அழுகுரல்: பழைய ஒலிப்பதிவிலிருந்து' என்று அட்டைக்குள் அச்சடித்திருந்தார்கள்.

அது பொய். அந்தக் குரல் புதுப்பட்டினத்தில் ஸ்டான்லியின் அடுத்த வீட்டுக் கன்னியம்மாவுடையது. அவள் மகள் ஸ்வாதி கல்லூரி விட்டு வரும்போது ஈசிஆரில் வேன் அடித்துச் செத்துப்போனாள். பத்தொன்பது வயது. ஸ்டான்லியை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். பந்தல் கட்ட உதவி செய்தவன், சட்டைப்பையில் ரிக்கார்டரை வைத்துக்கொண்டு பெண்கள் கட்டிப்பிடித்து அழுகிற இடத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். சிவப்பு விளக்கு எரிகிறதா என்று இரண்டு தடவை சட்டைப்பைக்குள் குனிந்து பார்த்தான். பையன் உடைந்துபோய் அழுகிறான் என்று நினைத்து யாரோ ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள். அதையும் வாங்கிக் குடித்தான். பதிமூன்று வருஷமாக அந்தத் தண்ணீர் அவன் தொண்டையை விட்டு இறங்கவில்லை.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. பதினாறாம் நாள் காரியம் முடிந்துவிட்டால், போனவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அழமாட்டார்கள். கூப்பிட்டால் அவர்கள் போகிற வழியில் திரும்பிப் பார்த்துவிடுவார்களாம். ஒப்பாரியின் கடைசியில் 'போயிட்டு வாடி தாயே' என்று வழியனுப்புகிற வரிகள் வரும். பதினொரு நிமிஷப் பதிவில் அந்த வரிகளும் இருந்தன. கிடார் இடி மாதிரி இறங்க வேண்டிய இடம் என்று ஸ்டான்லி அவற்றை வெட்டி எறிந்தான். 'ஸ்வாதி, வாடி வூட்டுக்கு, வாடி' என்பதோடு நறுக்கினான். வெட்டிய துண்டைச் சேர்த்து வைக்கவும் இல்லை.

கல்பாக்கத்திலிருந்து வந்த ஷேர் ஆட்டோவில், தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டே பையன்கள் அந்தப் பாட்டைப் போட்டதைக் கன்னியம்மா கேட்டாள். பாதி வழியில் இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தாள் என்று ஸ்டான்லியின் அம்மா பிரிசில்லா போனில் சொன்னாள். "உன் பாட்டுல அவ குரலு கீதாமே, நெஜமாடா?" என்று கேட்டாள். கம்ப்யூட்டரில் செய்த சத்தம் என்று இவன் சொன்னான். பெற்றவள் நம்பினாள். நம்பிக்கொண்டேதான் செத்தாள்.

அம்மாவின் சாவுக்கு அவன் ஊருக்கு வந்திருந்தான். அந்தத் தெருவில் எந்தச் சாவிலும் முதலில் ஒப்பாரி எடுக்கிறவள் கன்னியம்மாதான். வந்து நின்றாள். வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். மகள் போனதிலிருந்து அவளுக்குக் குரல் வருவதில்லை என்று பெண்கள் கிசுகிசுத்தார்கள். அந்தக் குரலை எடுத்துக்கொண்டு போனது தான்தான் என்று ஸ்டான்லிக்குப் பட்டது. அதற்குப் பிறகு ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இப்போது வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று மூன்று பதிவுகளையும் இசைத்தட்டாகப் போட்டு ஒரே பெட்டியில் விற்கப் போகிறது. அழுகிற குரலுக்குச் சொந்தக்காரரின் சம்மதம் எங்கே என்று அவர்கள் கேட்டுவிட்டார்கள். "போய் ஒரு கையெழுத்து வாங்கினு வா மச்சான். அப்டியே மன்னிப்பும் கேட்டுடு, உனக்கும் பாரம் கொறையும்" என்றான் ஹேமந்த். மன்னிப்புக் கேட்கத்தான் போகிறேன் என்று ஸ்டான்லி வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பைக்குள் இருந்த தாள் வேறு சொன்னது.

பஸ்ஸை விட்டு இறங்கியபோது இரண்டரை மணி. கருவாடு காய்கிற வாசனையோடு உப்புக்காற்று வீசியது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. கன்னியம்மாவின் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். முடி முழுக்க நரைத்துவிட்டது. குரல் அப்படியேதான் இருந்தது.

"வா ஸ்டான்லி. வர்றதுக்கு இத்தினி வருசம் ஆச்சா உனுக்கு?"

அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்தான். உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். வீடு ஒரே நீளமாக இருக்கும். முன்கதவிலிருந்து பின்கதவு தெரியும். பின்கதவு ஒருக்களித்திருந்தது. அதற்கு வெளியே கல்படி, படியோரம் ஒரு நீல பிளாஸ்டிக் வாளி. விளிம்புவரை தண்ணீர், அதில் மிதக்கிற ஒரு மக். வெளியிலிருந்து வருகிறவர்கள் கால் கழுவ வைத்திருப்பது.

மோர் கொண்டுவந்து கொடுத்தாள். பெரிம்மா, நான் உங்களுக்கு ஒரு துரோகம் பண்ணிட்டேன் என்று ஆரம்பிக்க அவன் வாயெடுத்தான். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். தலையைச் சாய்த்து எதையோ கேட்டாள்.

பின்பக்கம் செருப்பைக் கழற்றிப் போடுகிற சத்தம்.

ஒன்று. பிறகு இன்னொன்று.

மக் தண்ணீரில் அமிழ்ந்தது. காலில் தண்ணீர் விழுந்து கல்லில் சிந்தியது. இரண்டாவது முறையும் விழுந்தது.

அப்புறம் ஒன்றுமில்லை. கதவிடுக்கில் வெயில் அப்படியே விழுந்துகொண்டிருந்தது. யாருடைய நிழலும் அதில் குறுக்கிடவில்லை.

"யாரு பெரிம்மா?"

"எங்கியோ ஒருத்தன் போட்டுட்டான்" என்றாள் கன்னியம்மா.

அவள் மழை வெயில் பற்றிச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். முதன்முதலில் அந்தச் சத்தம் கேட்டபோது மகள்தான் என்று தெரிந்து சந்தோஷத்தில் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாளாம். படி மட்டும் ஈரமாக இருந்தது. ஆட்டோவில் அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு நடந்து வந்த அன்றைக்கும் படி ஈரமாக இருந்தது. அப்போதுதான் விளங்கியது. பாட்டைப் போடும்போதெல்லாம் தாய் கூப்பிடுகிறாள் என்று பெண் வந்துவிடுகிறாள். கால் கழுவி, வாசல்வரை வருகிறாள். அந்த இடத்தில் கூப்பிடுவது அறுந்துபோகிறது. வந்த காலோடு திரும்பிப் போகிறாள்.

"ஒரு நாளு கூட உள்ள வந்து ஒக்காரல. போன்னு நானும் சொல்லிப் பாத்தேன். நான் ஒரு வாட்டி போன்னு சொன்னா, அங்க ஆயிரம் பேரு வான்னு கூப்புடறான். கொழந்த யாரு பேச்சக் கேக்கும்?"

சாவு வீட்டில் அவள் வாயைத் திறக்காததற்குக் காரணம் அதுதான். குரல் போகவில்லை. தன் அழுகையும் சேர்ந்து மகளை இழுத்துவிடுமோ என்று பயந்து பதிமூன்று வருஷமாக அடக்கி வைத்திருக்கிறாள். ஸ்டான்லி தரையைப் பார்த்தான். பூமி பிளந்தால் தேவலாம் என்று இருந்தது.

"இப்பல்லாம் கொறஞ்சிகீது. வாரத்துல ரெண்டு மூணு வாட்டிதான். நீ வந்து மிச்சத்தையும் நிறுத்திடுவேன்னு காத்துகினு இருந்தேன். உன் கையிலதான கீது அது? நிறுத்துடா. அவ போவட்டும்."

அவன் கையில் ஒன்றுமே இல்லை. பாட்டு எத்தனை போனில், எத்தனை ஊரில் கிடக்கிறதோ, அதை உலகத்தில் யாராலும் திரும்ப அள்ள முடியாது. அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வந்தான். நம்பிக்கையோடு பார்க்கிற அந்தக் கண்ணைப் பார்த்தான். அட்டையில் அச்சடித்த பொய், அம்மாவிடம் சொன்ன பொய், இரண்டுக்கும் பிறகு மூன்றாவதும் தானாக வந்தது.

"நிறுத்திட்டேன் பெரிம்மா. அத்த சொல்லத்தான் வந்தேன். என்ன மன்னிச்சுடு."

கன்னியம்மாவின் கண்ணிலிருந்து நீர் சத்தமில்லாமல் இறங்கியது. அவன் தலையில் கையை வைத்தாள். நல்லா இருடா என்றாள். எழுந்து போய் சோறும் வஞ்சிரம் குழம்பும் போட்டுக்கொண்டு வந்தாள். பின்பக்கம் அமைதியாக இருந்தது. பத்து நிமிஷம், கால் மணி நேரம், ஒரு சத்தமும் இல்லை. நாலு வாய் சாப்பிட்டதும் தன் பொய்யைத் தானே நம்பிவிடலாம் போல இருந்தது ஸ்டான்லிக்கு. தாளை எடுக்கவே வேண்டாம், ஹேமந்திடம் முடியாது என்று சொல்லிவிடலாம். வருஷக்கணக்கில் சோறு இப்படி ருசித்ததில்லை.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. இடது கையால் எடுத்துப் பார்த்தான். ஹேமந்தின் செய்தி.

'மச்சான், கையெழுத்து எப்படியும் வந்துடும்ல? விளம்பரத்துக்கு நாலாவது பாட்ட இப்ப மூணு மணிக்கு ஏத்திட்டேன். ஜனங்க அடிச்சுகினு கேக்கறானுங்க.'

பின்பக்கம் ஒரு செருப்பு விழுந்தது.

மக் அமிழ்ந்தது. தண்ணீர் கல்லில் விழுந்தது.

உடனே இன்னொரு தரம் செருப்பு. மக். தண்ணீர்.

அப்புறம் செருப்புச் சத்தம் நின்றுபோனது. கழற்ற நேரமில்லை. மக் மட்டும் அமிழ்ந்தது, அமிழ்ந்தது, அமிழ்ந்தது. மூச்சு விடாமல் தண்ணீர் கொட்டியது. ஒரு காலைக் கழுவி முடிப்பதற்குள் மறுபடி முதலிலிருந்து. கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வழிந்து வந்தது. வாளியின் அடியில் மக் பரட் பரட்டென்று உரசியது.

குழம்பு ஊற்றப் போன கன்னியம்மாவின் கை அப்படியே நின்றது. அவள் கதவைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள்.

"நிறுத்திட்டேன்னு சொன்ன."

அவள் கத்தியிருக்கலாம், காறித் துப்பியிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. அதுதான் தாங்கவில்லை. எச்சில் கையோடு அவன் உட்கார்ந்திருந்தான். பரட் பரட்டென்று வெறும் வாளி உரசிக்கொண்டே இருந்தது.

"தண்ணி தீந்துபூட்ச்சு" என்றாள் கன்னியம்மா மெதுவாக. "எந்திரி. போய் ரொப்பு."

அவன் எழுந்தான். மூலையில் இருந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடி அடிபம்புக்குப் போய் அடித்து நிரப்பினான். வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் வந்து, கண்ணை மூடிக்கொண்டு வாளியில் கவிழ்த்தான். கண்ணைத் திறந்தபோது தண்ணீர் அவன் பார்க்கப் பார்க்கக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஆள் இல்லை. படி ஈரமாக இருந்தது, வாசல் நிலைவரைக்கும். நிலைக்கு உள்ளே மட்டும் ஒரு சொட்டு இல்லை. கதவிடுக்கில் உள்ளே வழிந்த தண்ணீர்கூட அதற்குள் காய்ந்துபோயிருந்தது.

இரண்டாவது குடம். மூன்றாவது குடம். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியது. சட்டைப்பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.

ஐந்தாவது குடத்தைக் கவிழ்த்தபோது, அவன் தோளுக்கு வெகு பக்கத்தில், மூச்சு வாங்குகிற ஒரு இளம்பெண்ணின் குரல் கோபமே இல்லாமல் கேட்டது.

"அண்ணா, இன்னும் எத்தினி பேரு கூப்புடுவாங்க?"

ஸ்டான்லி திரும்பிப் பார்க்கவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் பம்புக்கு ஓடினான்.