முன்னால் போன வண்டி

பேனா மூடியைப் பல்லில் கடித்தபடி, விமான நிலைய வாசலில் பெட்டி மேல் காகிதத்தை வைத்து, சாகக் கிடந்த தன் போனைப் பார்த்துப் பார்த்து, கணவன் புது வீட்டு விலாசத்தை எழுதி அவள் கையில் கொடுத்தான். எழுதி முடித்ததும் போன் அணைந்தது.

"நீயும் அம்மாவும் முதல் வண்டியில போங்க. நான் பெட்டிங்களோட பின்னாடியே வர்றேன்."

மூடி வாயில் இருந்ததால் பாதி சொல் எச்சிலாகத் தெறித்தது. அவள் சிரித்தாள்.

அவனைப் பெற்ற அத்தையின் முழங்கால் மடங்கி வண்டிக்குள் அடங்குவதற்குள் பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தே வைது தீர்த்தார்கள். வரிசையை ஒழுங்குபடுத்திய காவலாளி, பெட்டிகளோடு கணவன் ஏறிய வண்டியை முதலில் போகச் சொல்லிக் கையை வீசினான். அது போய்விட்டது.

"அந்த வண்டி பின்னாடியே போங்க" என்றாள் அவள் டிரைவரிடம்.

மேம்பாலத்தில் ஏறிய பிறகுதான் உறைத்தது. விலாசம் அவள் கையில் இருந்தது. முன்னால் போகிற டிரைவருக்கு வழி சொல்ல அங்கே காகிதமும் இல்லை, போனும் இல்லை.

"அத்தை, இவருக்கு விலாசம் ஞாபகம் இருக்குமா?"

"அவனுக்கா? சொந்த வீட்டு பாத்ரூமுக்கே வழி கேக்கறவன்."

காகிதத்தை டிரைவரிடம் நீட்டினாள். அவன் ஓரக்கண்ணால் பார்த்தான். "இதே வழிதான். அவன் சரியாத்தான் போறான்."

மத்தியான வெயில் கண்ணாடிகளில் பட்டுப் பட்டுக் கண்ணைக் கூசச் செய்தது. வண்டிக்குள் பழைய ரப்பரும் யாரோ துடைத்துவிட்டுப் போன வாந்தியும் கலந்த வாடை. இருபுறமும் ஜன்னலே திறக்காத கட்டிடங்கள், வந்தவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. முன் வண்டி இடமும் வலமும் தயங்காமல் திரும்பியது, தினமும் போகிற வீட்டுக்குப் போவதைப் போல. பின் கண்ணாடிக்குள் கணவனின் தலை, உச்சியில் காசளவு வழுக்கையோடு, பள்ளம் மேட்டுக்கு ஏற்ப ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டாள்.

சுரங்கப்பாதை வந்தது. மஞ்சள் விளக்குகள், இரைச்சல், ஈரச் சிமெண்டின் வாடை. வெளியே வந்தபோது அவன் பக்கத்தில் இன்னொரு தலை இருந்தது.

"வழியில யாரையாவது ஏத்திக்கிட்டாரா?"

"நிக்கவே இல்லையே வண்டி" என்றாள் அத்தை. கண் ஆபரேஷனுக்குப் பிறகு தூரத்தில் இருப்பதெல்லாம் அத்தைக்குத் துல்லியமாகத் தெரியும்.

இரண்டாவது சுரங்கம். இந்த முறை அவள் கண் சிமிட்டவில்லை. சிவப்புப் பின்விளக்குகள் ஒரு கணம்கூட மறையவில்லை, வேகம் குறையவில்லை, கதவு திறக்கவில்லை.

வெளியே வந்தபோது மூன்று தலைகள்.

சிக்னலில் இரண்டு வண்டிகளும் ஒட்டி நின்றன. மூன்று தலைகளிலும் ஒரே வெட்டு. மூன்று உச்சிகளிலும் காசளவு வழுக்கை.

"கதவைத் திறங்க. நான் இறங்கணும்."

"நடுரோட்டுல இறங்கினா போலீஸ்காரன் என்னைப் பிடிப்பான். பின்னாடி போன்னு நீங்கதானே சொன்னீங்க? பேசாம உக்காருங்க."

பூட்டு விழுந்தது. அவள் கண்ணாடியில் அடித்தாள். "என்னங்க!"

மூன்று தலைகளும் பாதி திரும்பின. ஒரே அளவு. ஒரே நேரத்தில்.

அத்தையின் விரல்கள் அவள் முழங்கையைக் கவ்வின. குளிர்ந்திருந்தன.

"அம்மாடி," என்றாள் பெற்றவள், குரலே எழும்பாமல், "மூணுல எது நம்மவன்?"

பச்சை விழுந்தது.

மூன்றாவது சுரங்கம். இருட்டு. இரைச்சல். வெளிச்சம்.

முன்னால் சாலை காலியாக இருந்தது.

அவளுடைய டிரைவர் தொடர்ந்து ஓட்டினான். காகிதத்தில் இருந்த தெரு. காகிதத்தில் இருந்த எண். அந்த வாசலில், இன்ஜின் ஓடிக்கொண்டே, அந்த வண்டி நின்றது.

டிரைவர் இருக்கை காலி. டிக்கியில் பெட்டிகள் இருந்தன. பின் இருக்கையில் யாரும் இல்லை. ஆனால் மூன்று சீட் பெல்ட்டுகளும் மாட்டியிருந்தன. சீட்டின் முதுகோடு ஒட்டித் துவண்டு கிடக்கவில்லை. முன்னால் புடைத்து, மூன்று மார்புகளைச் சுற்றி வளைந்ததைப் போல, விறைப்பாக.

அவள் நடு பெல்ட்டின் மேல் கை வைத்தாள். அது மெல்ல உயர்ந்தது. தாழ்ந்தது. உள்ளங்கையில் சூடு ஏறியது.

போலீஸ் வந்தது. பொத்தானை அழுத்திப் பார்த்தார்கள், விடவில்லை. ஒருவர் கத்தியை எடுத்தார். முழங்கால் மடங்காத அத்தை அந்த வண்டிக்குள் பாய்ந்து குறுக்கே விழுந்தாள்.

"எதுல என் பையன் இருக்கான்னு தெரியாம கத்தி வைக்காதீங்கய்யா!"

யாரும் வைக்கவில்லை. வண்டியை ஸ்டேஷன் கொல்லைக்கு இழுத்துப் போனார்கள். டயர்களில் காற்று இறங்கி, கூரையில் இலை மக்கி, ஆறு வருடமாக அது அங்கேதான் நிற்கிறது. மருமகள் மாதம் ஒருமுறை போய் மூன்றின் மேலும் வரிசையாகக் கை வைத்துப் பார்க்கிறாள். மூன்றும் ஒரே சூடு.

ஒன்றுகூட இன்னும் தளரவில்லை.